இலை தின்னாத வெயில்

பொன்னங்காலில் வெயில் தரையில் உதிரத் தொடங்கியது ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அதை முதலில் கண்டவள் சண்முகவடிவு. அதிசயம் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெற்றிலை கிள்ளக் கொடிக்காலுக்குள் நுழைந்தவள், ஏழு மணி வெயில் அகத்தி மரங்களுக்கு ஊடாக இறங்கிக் கொடிமேல் படுவதையும், பட்ட இடத்திலிருந்து மஞ்சளாக ஏதோ பொடிப்பொடியாகக் கீழே கொட்டுவதையும் பார்த்து, எந்தப் பாவியோ மந்திரித்த மஞ்சளை மரத்தில் தூவிவிட்டுப் போயிருக்கிறான் என்று வைதுகொண்டே ஒரு கை அள்ளினாள். தவிட்டின் எடைகூட இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. கையை மூடினால் விரலிடுக்கில் ஒளி கசிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தாள். பொழுது சாய்ந்த பிறகும் அது அணையாமல் கிடந்தது, அந்த வெளிச்சத்திலேயே அன்றைக்குக் குழம்பு தாளித்தாள்.

பொன்னங்கால் ஆற்றங்கரை ஊர். ஊரில் பாதிப்பேருக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. வெற்றிலைக்கு முழு வெயில் ஆகாது, முழு நிழலும் ஆகாது. அதனால் அகத்தியை வரிசை வரிசையாக வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றிக் கோரையால் கட்டி, அகத்திக் கிளையைக் கழித்தும் கழிக்காமலும் வெயிலை அளந்து அளந்து கொடுப்பதுதான் கொடிக்கால்காரர்களின் வேலை. இலை வெளுத்தால் கிளையைக் கழிக்கணும், இலை கறுத்தால் கிளையை விடணும். இதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

அந்த வாரத்துக்குள் எல்லாக் கொடிக்காலிலும் வெயில் உதிர்ந்தது. பிறகு வாழைக்கடியில், பிறகு நெல் வயலில், பிறகு பிள்ளையார் கோயில் அரசமரத்தைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்கு. அந்த வருஷம் கத்திரி முடிந்தும் வெக்கை முடியாமல், ஆற்று மணலில் கால் வைக்க முடியாமல், காக்கைகூடப் பகலில் பறக்காமல் இருந்த வருஷம். வெயில் எப்போதும்போல வந்தது, இலைகள் எப்போதும்போல விரிந்துதான் இருந்தன, ஆனால் எந்த இலையும் அதைத் தின்னவில்லை, தின்னாத வெயில் தரையில் விழுந்தது. ஊருக்கு இது நான்கு நாளில் பழகிவிட்டது.

முதலில் பெண்கள் வாசலைக் கூட்டும்போது அதையும் சேர்த்துக் குப்பையில் தள்ளினார்கள். பிறகு குப்பைமேடு ராத்திரியெல்லாம் விடிந்தே கிடந்து கோழிகள் கூவிக்கொண்டே இருந்ததால், அதை ஓலைப்பெட்டியில் அள்ளி மூடிவைக்கச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவர் பூலுடையார் தண்டோரா போட்டார். பெட்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு வேளை வெயிலும் ஒவ்வொரு தினுசு என்று தெரிந்தது. காலை வெயில் நெய் நிறத்தில் மிருதுவாக இருக்கும், மஞ்சள்காமாலையோடு பிறக்கிற பிள்ளைகளை அதற்குள் கிடத்தினால் மூன்றே நாளில் தேறிவிடும். உச்சி வெயில் உப்பைப்போல வெள்ளையாக நறநறக்கும், அதன்மேல் பானையை வைத்தால் கால் மணியில் உலை கொதிக்கும். சாயங்கால வெயில் செம்மண் நிறம், வேலைக்கு ஆகாது, ஆனால் கல்யாண வீட்டில் பந்தலைச் சுற்றித் தூவினால் கறுத்த பெண்ணும் சிவந்த பெண்ணும் ஒன்றுபோலத் தெரிவார்கள் என்று அதற்குத்தான் கிராக்கி அதிகம். மின்சாரம் போனால் யாரும் திண்டாடவில்லை. லைன்மேன் இரண்டு மாதமாக ஊருக்குள் வரவில்லை என்பதையே யாரும் கவனிக்கவில்லை. கோயிலில் இதை விளக்காக வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, திரி இல்லாதது விளக்காகாது என்று குருக்கள் மறுத்துவிட்டு, வீட்டு மாடத்தில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டார். என் வேலிக்கு மேலே வந்த வெயில் உன் வாழையில் பட்டு உதிர்ந்தால் அது யாருடையது என்று இரண்டு பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வெளிச்சக் கமிட்டி என்று ஒன்றைப் போட்டு, பழைய நெல் கிட்டங்கியை வெளிச்சக் கிட்டங்கியாக்கி, உதிர்கிறதெல்லாம் பொது என்று முடிவானது.

அதைத் தின்ன முடியுமா என்றும் பார்த்தார்கள். பனையேறி சுயம்புலிங்கம் பந்தயத்துக்கு ஒரு கரண்டி காலை வெயிலை மோரில் கரைத்துக் குடித்தான். மூன்று நாள் அவன் வயிற்றுக்குள் வெளிச்சமாக இருந்தது, சட்டையைக் கழற்றினால் குடல் ஓடுவது தெரிந்தது. பசி மட்டும் அப்படியே இருந்ததாக அவனே சொன்னான்.

அந்தப் பசியைப் பற்றித்தான் ஊரில் யாரும் பேசவில்லை. நெல் பூட்டை தள்ளி, கதிரெல்லாம் பதராக நின்றது. வாழை விரல் அளவுக்குக் காய்த்து நின்றுவிட்டது. வெற்றிலை கொழுந்திலேயே முதிர்ந்து, நகத்தளவு இலையாக, வாயில் போட்டால் காரமில்லாமல் காகிதமாக இருந்தது. ஏற்றிப்போக வந்துகொண்டிருந்த லாரி வருவதை நிறுத்தியது. நிவாரணம் கேட்டு மனுப்போட்டார்கள். வந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாததற்கு ஒரு கட்டம் இருக்கிறது, தண்ணீர் அதிகமானதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, பூச்சிக்கு இருக்கிறது, வெளிச்சம் மிச்சமானதற்கு இல்லையே என்று வருத்தப்பட்டார். போகும்போது இரண்டு பெட்டி சாயங்கால வெயிலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார், மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம்.

சண்முகவடிவு மட்டும் அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு பிடிகூடக் கூட்டிச் சேர்க்கவில்லை. அவளுக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டாலே வயிறு பற்றி எரிந்தது. அவளுடைய கொடி மற்றவர்களுடையதைப் போன்றதில்லை. அவள் பிறந்த ஊர் கடலோரம். கல்யாணமாகி வரும்போது அப்பா நகை போடவில்லை, தன் கொடிக்காலில் வெட்டிய நாற்பது தண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்து அனுப்பினார். இலை சின்னது, நரம்பு சிவப்பாக ஓடும், மென்றால் முதலில் இனித்துப் பிறகு உறைக்கும். அப்பா போய், அந்த ஊர்க் கிணறெல்லாம் உப்பாகி, கொடிக்கால்கள் உப்பளமாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. வெற்றிலைக்கு விதை கிடையாது. இருக்கிற கொடியை வெட்டி வைத்தால்தான் அடுத்த கொடி. அந்தச் சிவப்பு நரம்புக் கொடி உலகத்தில் அவளுடைய அரை ஏக்கரில் மட்டும்தான் இருந்தது. ஆடி பிறந்தபோது அரை ஏக்கரிலும் காய்ந்து, வடக்கோரத்தில் ஒரு பாத்தி, ஆறு அகத்தி, பன்னிரண்டு கொடி மிஞ்சியது.

வேளாண்மைக் கல்லூரியிலிருந்து ஜெபமலர் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், இலையைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்க்கிற ஆள் என்பதால் வடிவுக்கு அவளைப் பிடித்துப்போனது. ஒரு வாரம் தங்கி இலைகளைக் கவ்விப் பார்க்கிற கருவியை மாட்டி மாட்டிப் பார்த்தாள். வெளிச்சம் ஏன் தரையில் உதிர்கிறது என்று கேட்டதற்கு, அது தன்னுடைய துறை இல்லை என்று சொல்லிவிட்டாள். இலை ஏன் தின்னவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இலைக்குள்ள ஒரு சமையக்காரர் இருக்கார்னு வச்சுக்கோங்கக்கா. நொதின்னு சொல்லுவோம். வெளிச்சத்தை வச்சுச் சோறாக்குற வேலை அவரோடது. இருட்டுல அவர் கையைக் கட்டிப் போட்டிருக்கும். விடிஞ்சதும் இன்னொரு நொதி வந்து கட்டை அவுத்து எழுப்பிவிடும். இந்த வெக்கையில அந்த எழுப்புறவருதான் முதல்ல மயங்கி விழுதாரு. சமையக்காரர் கட்டோடயே கிடக்காரு. சாமான் மட்டும் வந்து குமியுது."

"எழுப்புறவரை யாரு எழுப்புவா?" என்று கேட்டாள் வடிவு.

"குளிர்ச்சிதான் எழுப்பணும். நிழலைக் கூட்டுங்க, ஈரத்தைக் காட்டுங்க. வெளிச்சத்தைக் கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா விடுங்க. முழிக்காத இலைமேல முழு வெயிலை விட்டியள்னா வெந்துபோயிரும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் தேறாது." ஐப்பசி மழைவரைக்கும் ஒரு கொடியில் நாலு கணு உயிரோடு இருந்தால் போதும், தானே வந்து வெட்டி மலைப்பக்கம் கொண்டுபோய் நட்டுத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டு ஜெபமலர் பஸ் ஏறினாள்.

இதைச் சொன்னபோது வடிவின் புருஷன் ஆவுடையப்பன் அங்கே இல்லை. அவர் கிட்டங்கியில் இருந்தார். வெளிச்சக் கமிட்டி அவரைத்தான் கிட்டங்கிக்குப் பொறுப்பாக வைத்திருந்தது, அதனாலேயே வடிவு அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். தன் கொடி பட்டினியில் சாகும்போது அதன் வாயில் இறங்காத சோற்றை அளந்து அடுக்குகிற வேலைக்கு இந்த மனுஷன் போகலாமா என்பது அவள் கோபம். அவரோ வாயில்லாப் பூச்சி. பெண்டாட்டி பேசாவிட்டால் தானும் பேசாமல், சாப்பிட்ட வட்டிலைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர். கிட்டங்கிக்குப் போனதுகூட, வீட்டில் ஒரு ஆளுக்காவது கமிட்டி கொடுக்கிற படி அரிசி வரட்டும் என்றுதான். அதை அவர் சொல்லவில்லை, ஜெபமலர் சொன்னதை இவளும் அவரிடம் சொல்லவில்லை. கொடிக்கால் பக்கம் வராதீங்க என்று மட்டும் ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஆடி பாதியிலிருந்து புரட்டாசி பிறக்கும்வரை அவள் அந்த ஒரு பாத்தியோடு கிடந்தாள். பாயை, சாக்கை, தன்னுடைய சேலைகளை, கல்யாணக் கூறைச்சேலை உட்பட, அகத்திக்கு அகத்தி இழுத்துக் கட்டி நிழல் செய்தாள். ஆறு இடுப்பளவிலிருந்து முழங்காலளவுக்கு வற்றியிருந்தது, அதில் குடம் குடமாக மொண்டு நாளைக்கு நாற்பது நடை நடந்து துணிகளை நனைத்தாள். விடிந்ததும் கிழக்குப் பாயை இரண்டு விரல்கடை விலக்கி, வெற்றிலையை எண்ணுகிற கணக்கில் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணிவிட்டு மூடுவாள். அடுத்த வாரம் நூற்றுப்பத்து. ஊர்ப் பெண்கள் வேலிக்கு வெளியே நின்று, ஊரே வெளிச்சத்தில் குளிக்கும்போது இவள் ஏன் இருட்டுக்குச் சேலை கட்டிவிடுகிறாள் என்று சிரித்தார்கள். அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. அவள் பார்த்ததெல்லாம் தரையைத்தான். இலை தின்கிறதா என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்: பாயை விலக்கும்போது கீழே பொடி விழுந்தால் தின்னவில்லை. ஒன்றரை மாதம் தினமும் விழுந்தது. புரட்டாசி ஆறாம் தேதி நூற்று எண்பதுவரை எண்ணியும் நான்கு கொடிகளுக்குக் கீழே மண் மண்ணாகவே கிடந்தது. குனிந்து தடவிப் பார்த்தாள். ஈரமண், கறுப்பாக, ஒரு துளி வெளிச்சம்கூட இல்லாமல். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆவுடையப்பனின் முகம் பார்த்து, இன்னும் ரெண்டு தோசை போடட்டுமா என்று கேட்டாள். போடு என்று சொல்லிவிட்டு, தின்ன முடியாமல் தின்றார். நாளைக்கு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் படுத்தாள்.

மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போனவள் குடத்தோடு மணலில் விழுந்தாள். வெக்கை தாக்கிவிட்டது. நினைவில்லாதவளை ஆவுடையப்பன் ஆட்டோவில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் அவள் தங்கை வந்து, நான் பார்த்துக்கிடுதேன், நீங்க போய்க் குளிச்சு மாத்திட்டு வாங்க அத்தான் என்று அனுப்பிவைத்தாள். வீட்டுக்கு வந்தவருக்கு அவளுடைய கொடிக்கால் நினைப்பு வந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கிடக்குமே என்று, வரக்கூடாது என்று சொல்லப்பட்ட இடத்துக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாயை விலக்கியவர் திகைத்துப்போனார். இருட்டு. சேலையும் சாக்குமாகக் கட்டிப்போட்டு, சூரியன் எட்டிப்பார்க்க இடமில்லாமல், அதற்குள்ளே பன்னிரண்டு கொடியும் வெளுத்து நின்றன. முப்பது வருஷம் கொடிக்காலில் நின்றவர் அவர். வெளுத்த இலையைப் பார்த்தால் அவர் கை தானாக அரிவாளைத் தேடும். பாவம், உடம்பு முடியாமல், புத்தி தடுமாறி இப்படிப் போட்டு மூடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கூறைச்சேலையை அவிழ்த்தபோது மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அவளுடைய அப்பாவின் கொடியைத் தளிர்க்க வைத்துவிடவேண்டும், இத்தனை நாள் அவளைத் தனியாக விட்டதற்கு அதுவாவது ஈடாகட்டும் என்று, ஆறு அகத்தியையும் உச்சிவரைக்கும் கழித்தார். பாயையெல்லாம் சுருட்டி வேலியோரம் சாய்த்தார். அதோடு நிற்கவில்லை. கிட்டங்கிக்குப் போன நாளிலிருந்து தினமும் தன் பங்காகக் கமிட்டி கொடுத்த ஒரு படி காலை வெயிலைச் செலவழிக்காமல், என்றைக்காவது அவளுக்கு ஆகும் என்று கிட்டங்கி மூலையில் எட்டுப் பெட்டி சேர்த்து வைத்திருந்தார். எட்டையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, எரு வைக்கிற பக்குவத்தில், பன்னிரண்டு கொடியின் தூரைச் சுற்றியும் கையால் அணைத்து அணைத்து வைத்தார்.

ஐந்தாம் நாள் வடிவு திரும்பி வந்தாள். ஆட்டோவை நேரே கொடிக்காலுக்கு விடச் சொன்னாள். வேலிக்கு வெளியிலிருந்தே கண் கூசியது. அகத்திகள் மொட்டையாக நின்றன. கீழிருந்தும் மேலிருந்தும் வெளிச்சம். நடுவில் பன்னிரண்டு கொடி, இலை ஒன்றுகூட உதிராமல், பாலாடை நிறத்தில், அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகம் இலை வழியாகத் தெரிகிற அளவுக்கு வெளுத்து நின்றது. அந்தப் பக்கம் நின்ற ஆள் ஆவுடையப்பன். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கையில் அரிவாளோடு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் ஒவ்வொரு கொடியாகப் போய்க் கணுவை நகத்தால் கீறிப் பார்த்தாள். பன்னிரண்டையும் பார்த்தாள். பச்சை எங்கேயும் இல்லை. நாலு கொடி தின்னத் தொடங்கியிருந்தது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த மனுஷன் இன்றைக்கே ஆற்றில் போய் விழுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. இவரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ற நினைப்பு வந்தபோது ஒரு அகத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப இருட்டா மூடிப் போட்டிருந்த வடிவு. இலையெல்லாம் வெளுத்துட்டு. அதான் கழிச்சு விட்டேன்" என்றார். பிறகு, "பத்து நாள்ல தளிர் விட்டுரும்லா?" என்று கேட்டார்.

"விடும்" என்றாள் வடிவு. "நல்ல வேலை செஞ்சிய."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. ஐப்பசிக்குக்கூடக் காத்திருக்காமல், புரட்டாசியிலேயே பிடித்து ஆறு நாள் விடாமல் பெய்தது. மண் குளிர்ந்தது. அரசமரம் விழித்தது, வாழை விழித்தது, வரப்புப் புல்கூட விழித்து வெயிலைத் தின்றது. தரையில் உதிர்வது நின்றுபோனது. கிட்டங்கியில் இருந்ததெல்லாம் ஈரத்தில் நமுத்து, சாம்பல் நிறமாகி, கமிட்டியும் கலைந்தது. லைன்மேன் வந்து பீஸ் போட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் மேற்கேயிருந்து கொடித்தண்டு வாங்கிவந்து நட்டார்கள். அகலமான இலை, பச்சை நரம்பு. தை மாதம் லாரி மறுபடி வந்தது. ஜெபமலரும் ஒருநாள் ஈரச்சாக்கோடு வந்து, பாத்தியைப் பார்த்துவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த வடக்குப் பாத்தியில் ஆவுடையப்பன் வேறு கொடி நடவிடவில்லை. தினமும் காலையில் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார், ஒன்றை வடிவு வாங்கிக்கொள்கிறாள். காய்ந்த பன்னிரண்டு தண்டுக்கும் இருவரும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தண்டாகக் குனிந்து, விரலால் தடவி, வெகுநேரம் பார்ப்பார். மாசி மாதம் ஒருநாள் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏட்டி வடிவு, இங்க வந்து பாரு. இந்தக் கணுல பச்சையா ஒண்ணு தெரியுது."

வடிவு குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, அவர் காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தாள்.

"ஆமா, தெரியுது" என்றாள்.